பெர்மிட் ஃபைல்ல இருக்கு, சைட்ல இருக்கா?

இந்த தடவை வந்த கடிதங்கள்ல நிறைய பினாங்குல இருந்துதான், அதுவும் பத்து கவான், பிறை பக்கம் ஃபேக்டரி கட்டுற கம்பெனிகள்ல வேலை செய்றவங்க எழுதினது. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி கேட்டிருந்தாலும் அடியில ஓடுறது ஒரே பிரச்னைதான், அனுமதிக் கடிதம் ஆபீஸ் அலமாரியில பத்திரமா இருக்கு, அதுல எழுதியிருக்கறத செய்ய வேண்டிய ஆளு அத ஒரு தடவை கூட பார்த்ததில்ல. அதனால முழு பக்கத்தையும் இதுக்கே ஒதுக்கிட்டேன்.

அண்ணே வணக்கம். ஃபேக்டரி கட்டுற மெயின் கான்ட்ராக்டர்கிட்ட புதுசா என்விரோன்மென்ட் ஆபீசரா சேர்ந்திருக்கேன். ஈஐஏ (சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு) எல்லாம் ஓனர் எடுத்துட்டாரு, நமக்கு அதுல ஒண்ணுமில்ல, நீ மாசா மாசம் ரிப்போர்ட் மட்டும் அனுப்புனா போதும்னு ப்ராஜெக்ட் மேனேஜர் சொல்றாரு. அது சரியா? (வாசகி, பத்து கவான்)

சரியில்ல தங்கச்சி. 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்துல 34ஏ பிரிவ எடுத்து நிதானமா படிங்க. எந்தெந்த வேலைக்கு ஈஐஏ வேணும்னு 2015 ஆணையில ரெண்டு பட்டியல் இருக்கு, ரெண்டாவது பட்டியல்ல வர்றத பொதுமக்கள் பார்த்து கருத்து சொல்ல வைக்கணும். அதெல்லாம் ஓனரும் கன்சல்டண்டும் முடிச்சிருப்பாங்க. ஆனா அதே பிரிவுல, ரிப்போர்ட் பாஸான பிறகு அந்த வேலைய நடத்துறவங்க நிபந்தனைகள கடைப்பிடிக்கிறோம்னு போதுமான ஆதாரம் காட்டணும்னும் இருக்கு. ஆதாரம் எங்க உருவாகுது, உங்க சைட்லதானே. மண்ணு வெட்டுறது, லோரி ஓட்டுறது, டீசல் ஊத்துறது எல்லாம் உங்க ஆளுங்க. டிஓஇ (சுற்றுச்சூழல் துறை) ஆபீசர் வந்தா முதல்ல பார்க்கறதும் உங்க சைட் வாசலத்தான்.

முதல் வாரத்துலயே மூணு பேப்பர கேட்டு வாங்கிடுங்க. டிஓஇ கொடுத்த அனுமதிக் கடிதம் நிபந்தனையோட முழுசா, இஎம்பின்னு சொல்ற சுற்றுச்சூழல் நிர்வாகத் திட்டம், அப்புறம் மாநகர் மன்றத்து அனுமதி, அதுகூட ஜேபிஎஸ் (வடிகால் நீர்ப்பாசனத் துறை) மண்வேலைக்கும் வடிகாலுக்கும் போட்ட கண்டிஷன். இந்த மூணாவதத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க, மன்றத்தோட ஓஎஸ்சி (ஒரே இடத்துல விண்ணப்பம் வாங்கற கவுண்டர்) வழியா வந்ததால அது ஆர்க்கிடெக்ட் விஷயம்னு நினைச்சு. அதுல சில்ட் டிராப் (வண்டல் மண்ணு பிடிக்கற குழி) எங்க, எந்த சைஸ்ல, தண்ணி எந்த லோங்காங்குக்கு (வாய்க்காலுக்கு) போகணும்னு வரைபடமே இருக்கும்.

பிறகு பென்சில எடுத்துட்டு உட்காருங்க. ஒவ்வொரு நிபந்தனைக்கும் பக்கத்துல யாரு செய்றது, எப்போ, ஆதாரமா என்ன காட்டுறது, காசு யாரோடதுன்னு எழுதிட்டே போங்க. கடைசி கேள்வியிலதான் கை நின்னுடும். பேசின் (மண்ணு படிய வைக்கற குளம்) தூர்வார எக்ஸ்கவேட்டருக்கு யாரு காசு தர்றது, தண்ணி டெஸ்டுக்கு லேப் பில் யாரு கட்டுறது, சரிவ மூட பிளாஸ்டிக் ஷீட் யாரு வாங்குறது, எதுவும் பிகியூல (வேலைக்கு விலை போடுற பட்டியல்ல) இருக்காது. ஏன்னா டெண்டர் போட்டப்போ விலை போடுற ஆளு கையில அந்த கடிதம் இல்ல. பட்ஜெட்ல இல்லாத வேலைய எந்த மேனேஜரும் மனசார செய்யமாட்டாரு, அவரையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது. என்னைக் கேட்டா டெண்டர் டீம் கையில நிபந்தனைக் கடிதம் இல்லாம விலையே போடக்கூடாது, சப்-கான்ட்ராக்டர் அக்ரிமென்ட்லயும் அந்த நிபந்தனைகள அப்படியே ஒட்டிடணும்.

ரிப்போர்ட்டுக்கு போட்டோ எடுக்கறப்போ ஒண்ண கவனிங்க. மண்ணத் தடுக்கக் கட்டுற சில்ட் ஃபென்ஸ்ங்கற கறுப்புத் துணி நிக்கிற மாதிரி மட்டும் எடுத்தா அது ஆதாரமே இல்ல. சில்ட் ஃபென்ஸோட அடி ஓரம் மண்ணுக்குள்ள புதைஞ்சிருக்கறது தெரியணும், ஏன்னா புதைக்காம விட்டா தண்ணி அடியில பூந்து போயிடும், துணி மேல அழகா நின்னுட்டிருக்கும். தேதி, இடம் தெரியற மாதிரி எடுங்க, உடைஞ்சத எடுத்தா சரி பண்ண பிறகும் அதே கோணத்துல இன்னொண்ணு எடுங்க. மாசக் கூட்டத்துல ப்ராஜெக்ட் மேனேஜரே தலைமை ஏத்து உட்காரணும்னு கேளுங்க, கம்பெனியே தன்னைக் கண்காணிச்சுக்கணும்னு சொல்ற டிஓஇயோட சுய ஒழுங்கு முறையில, இந்த கூட்டம் போடுற கண்காணிப்புக் குழு கம்பெனி மேல்மட்டத்துல இருந்துதான் நடக்கணும். அப்புறம் முக்கியமானது, தண்ணி கலங்கி வெளிய போகுதுன்னா அந்த பக்கத்து வேலைய நிறுத்தச் சொல்ற அதிகாரம் உங்களுக்கு எழுத்துல வேணும். வாய்ல சொன்னா மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஐயா, எங்க சைட்ல சில்ட் டிராப் இருக்கு, பேசினும் இருக்கு. ஆனா மழை பெய்ஞ்சா வெளிய போற தண்ணி தேத்தண்ணி கலர்லதான் ஓடுது. லேப் ரிசல்ட் மட்டும் எப்பவும் பாஸ். இது எப்படி? (சைட் சூப்பர்வைசர், சிம்பாங் அம்பாட்)

எப்படின்னா, சாம்பிள வெயில் நாள்ல எடுக்கறாங்க. லேப்ல ஆளு வர்ற தேதி முன்னாடியே முடிவாயிடும், அன்னிக்கு பேசின்ல தண்ணி அசையாம கிடக்கும், மேல இருந்து ஒரு பாட்டில் மொண்டா நல்லாத்தான் இருக்கும். அனுமதிக் கடிதங்கள்ல மிதக்கும் துகளுக்கு பொதுவா போடுற அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம், அத வெளியேறும் இடத்துல, தண்ணி ஓடிட்டிருக்கறப்போ பார்த்தாத்தான் அர்த்தம் உண்டு. உங்க கண்ணுல படற தேத்தண்ணி கலர்தான் உண்மையான ரிசல்ட், பேப்பர நம்பாதீங்க. கையில தூக்கிட்டு போற டர்பிடிட்டி மீட்டர் (கலங்கல் அளக்கற கருவி) ஒண்ணு வாங்கச் சொல்லுங்க, மழை நேரத்துல நீங்களே அளந்து எழுதி வைக்கலாம்.

அப்புறம் பேசின்ல இறங்கி பாருங்க. மண்ணு தேங்குற பகுதி பாதி நிறைஞ்சாலே தூர்வாரணும், நிறைய இடத்துல அது முக்கால்வாசி ரொம்பி மேல புல்லே முளைச்சிருக்கு. அளவு போட்ட கம்பு ஒண்ண நடுவுல நட்டு வைங்க, பாதி எங்கன்னு சிவப்பு பெயின்ட்ல கோடு போடுங்க, அத பார்த்து பங்களாதேஷ் தம்பி கூட ரேடியோல சொல்லிடுவான் தூர்வாரணும்னு. வாரின மண்ண பேசின் கரையிலயே கொட்டாதீங்க, அடுத்த மழைக்கு திரும்ப உள்ளதான் வரும்.

ரொம்ப நைசான களிமண்ணுன்னா பேசின் எவ்ளோ பெருசா இருந்தாலும் தானா படியாது, மருந்து போட்டு கட்டி சேர வைக்கணும், அதுக்கு என்ன, எவ்வளவுன்னு ஜாடியில டெஸ்ட் பண்ணி பார்த்துட்டு கன்சல்டண்ட் சொல்லட்டும், கண்ணளவுல கொட்டக்கூடாது. ஆனா என் அனுபவத்துல இதவிட பெரிய பலன் தர்றது ஒண்ணு இருக்கு, ஒரே நேரத்துல மொத்த நிலத்தையும் மொட்டையடிக்காம இருக்கறது. இந்த மாசம் எங்க பைல் (அஸ்திவாரத் தூண்) அடிக்கப் போறோமோ அத மட்டும் திறங்க, வேலை முடிஞ்ச சரிவுல உடனே புல்லு போடுங்க. செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் நம்ம பக்கம் மழை எப்படி கொட்டும்னு உங்களுக்கே தெரியும், 2017 நவம்பர் வெள்ளத்த பினாங்குல யாரும் மறக்கல. புரோகிராம் போடுறவரு அத மறந்துட்டு சரியா அந்த மாசத்துல மண்வேலைய வைப்பாரு.

சரிவு விஷயத்துல இன்னொண்ணும் சொல்லணும். 2017 அக்டோபர்ல தஞ்சோங் பூங்கா கட்டுமான இடத்துல மண்ணு சரிஞ்சு 11 பேர் போனாங்க, அடுத்த வருஷம் அதே அக்டோபர்ல புக்கிட் குக்குஸ் ரோட்டு வேலையில 9 பேர். பெரும்பாலும் வெளிநாட்டுல இருந்து பொழைக்க வந்த தொழிலாளிங்க. சரிவுல புது விரிசல், திடீர்னு கசியற தண்ணி, அடியில சேறு இதெல்லாம் தெரிஞ்சா அத சுற்றுச்சூழல் ரிப்போர்ட்ல ஒரு வரியா எழுதிட்டு போயிடாதீங்க, அங்க கீழ நிக்கிற ஆளுங்கள முதல்ல வெளிய எடுங்க, அதுக்கப்புறம் இன்ஜினியர கூப்பிடுங்க.

அண்ணே, நான் மெக்கானிக். எங்க எக்ஸ்கவேட்டர், ஜென்செட் கறுப்பு எண்ணெய ட்ரம்ல சேர்த்து வச்சு பழைய இரும்பு எடுக்கற ஆளுகிட்ட கொடுப்போம், காசும் தருவான். புது ஆபீசர் வந்து அது குத்தம்னு திட்டறாரு. வருஷக்கணக்கா இப்படித்தானே செஞ்சோம்? (வாசகர், பிறை)

அந்த ஆபீசர் உங்க நல்லதுக்குத்தான் சொல்றாரு தம்பி. 2005 ஷெட்யூல்ட் வேஸ்ட் (பட்டியல் போட்ட அபாயக் கழிவு) விதிமுறைப்படி அந்த கழிஞ்ச எண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305ன்னு குறியீடே இருக்கு. ஹைட்ராலிக் எண்ணெய் 306. எண்ணெய் துடைச்ச துணியும் பழைய ஃபில்டரும் 410, காலி பெயின்ட் டின், கெமிக்கல் ட்ரம் 409, பேட்டரி 102. முதல் தடவை உருவாகி 30 நாளுக்குள்ள டிஓஇக்கு தெரியப்படுத்தணும், 180 நாளோ 20 டன்னோ எது முதல்ல வருதோ அதுக்கு மேல வச்சிருக்கக்கூடாது, ட்ரம்ல குறியீடும் தேதியும் போட்ட லேபிள் இருக்கணும், டிஓஇயோட இ-ஸ்விஸ் ஆன்லைன் பதிவுல பதிஞ்சு லைசென்ஸ் உள்ள ஆளுகிட்டதான் ஒப்படைக்கணும். கணக்க 3 வருஷம் வைக்கணும்.

சப்-கான்ட்ராக்டர் மெஷின்தானே, எண்ணெய் அவங்களோடதுன்னு மெயின் கான்ட்ராக்டர் சொல்றதும், சைட் அவங்களோடதுன்னு சப்-கான் சொல்றதும் எல்லா இடத்துலயும் நடக்கறது. எழுத்துல ஒருத்தர் பேர்ல போட்டுடுங்க, மெயின் கான்ட்ராக்டர் எடுத்துக்கறது நல்லதுன்னு நான் நினைக்கறேன், ஒரே ஸ்டோர், ஒரே கணக்கு, திறமைச் சான்று உள்ள ஒரே ஆளு. ஸ்டோர்னா கூரை இருக்கணும், கீழ சிமெண்ட் தரை, சுத்தி தடுப்பு, உள்ள இருக்கறதுல பெரிய ட்ரம் உடைஞ்சாலும் வெளிய வராத அளவு. மழைத்தண்ணி தேங்கற தடுப்பு பிரயோஜனமில்ல, வால்வ திறந்து விட்டா எண்ணெயும் சேர்ந்துதான் லோங்காங்குக்கு போகும்.

வருஷக்கணக்கா செஞ்சோம்னு கேட்டீங்க. 2019 மார்ச்ல பாசிர் கூடாங் கிம் கிம் ஆத்துல யாரோ கொட்டின கெமிக்கல் கழிவால பள்ளிப் பிள்ளைங்க மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரிக்கு போனாங்க, 111 பள்ளிக்கூடத்த மூடினாங்க. இங்க ஜூரு ஆறு கிட்ட இருக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம், 1970கள்ல ஃபேக்டரி கழிவு கலந்து குவாலா ஜூரு மீனவங்க பொழப்பே ஆடிப்போச்சு, பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவங்க பக்கம் நின்னு பேசிச்சு. உங்க ஒரு ட்ரம் எங்க போச்சுன்னு அந்த இரும்புக்காரனுக்குத்தான் தெரியும், உங்களுக்கு தெரியாதுல்ல.

எங்க ஃபிளாட் பக்கத்துல ராத்திரியில பைல் அடிக்கறாங்க, குழந்தை தூங்கமாட்டேங்குது. யார்கிட்ட சொல்றது? (இல்லத்தரசி, பட்டர்வொர்த்)

வேலை நேர அனுமதி மாநகர் மன்றத்தோடது, அங்க எழுத்துல புகார் கொடுங்கம்மா, நேரமும் தேதியும் எழுதி, முடிஞ்சா போன்ல வீடியோவும் எடுத்து. ஈஐஏ உள்ள ப்ராஜெக்ட்னா டிஓஇக்கும் ஒரு நகல் அனுப்புங்க. சைட் கேட்ல ப்ராஜெக்ட் போர்டு இருக்கும், அதுல உள்ள கான்ட்ராக்டர் நம்பருக்கு முதல்ல கூப்பிட்டுப் பாருங்க, சில கம்பெனி அன்னிக்கே நிறுத்திடுவாங்க.

சின்ன கம்பெனி நடத்தறேன், ஃபேக்டரி ஸ்டீல் ஸ்ட்ரக்சர் வேலை. சைட்ல ஃபோர்மேன் செய்ற தப்புக்கு டைரக்டர் மேல கேஸ் வருமா? (வாசகர், புக்கிட் மெர்தாஜாம்)

வரும். அதே சட்டத்துல 43வது பிரிவு, கம்பெனி குற்றம் செஞ்சா டைரக்டர், மேனேஜர் எல்லாரும் செஞ்சதாவே எடுத்துக்கும். தப்பிக்கணும்னா என் சம்மதம் இல்லாம நடந்தது, தடுக்க நான் எடுக்க வேண்டிய கவனத்த எல்லாம் எடுத்தேன்னு நீங்கதான் நிரூபிக்கணும். 2024 திருத்தத்துல அபராதத்த ரொம்ப ஏத்திட்டாங்க, பெரிய மாசு குற்றத்துக்கு 10 மில்லியன் வெள்ளி வரைக்கும் போகுது. சின்ன கம்பெனிக்கு அது கடைய மூடறதுக்கு சமம். அதனால உங்க ஆபீசர் பணம் கேட்டு எழுதற மெயிலுக்கு பதில் போடாம விடாதீங்க. ட்ரம் ஸ்டோருக்கு கூரை வேணும்னு அவரு மூணு தடவை கேட்டிருக்காரு நீங்க ஒண்ணும் சொல்லலன்னா, அந்த மெயிலே கோர்ட்ல உங்களுக்கு எதிரா நிக்கும். கொடுத்திருந்தா உங்கள காப்பாத்தறதும் அதுதான்.

நாங்க கோலாலம்பூர் கம்பெனி, இப்போதான் முதல் தடவையா பினாங்குல டெண்டர் எடுக்கறோம். அங்க செஞ்ச மாதிரியே செய்யலாமா? (வாசகர், செராஸ்)

டிஓஇ சட்டம் ரெண்டு இடத்துக்கும் ஒண்ணுதான், எண்ணெய், புகை, ஈஐஏ எல்லாம் நீங்க செய்றதே. மத்தது மாறும். அங்க டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்றம்) 1982 கூட்டரசுப் பிரதேச திட்டமிடல் சட்டத்துல டெவலப்மென்ட் ஆர்டர் கொடுக்கும், இங்க 1976 நகர் கிராமத் திட்டமிடல் சட்டத்துல மாநகர் மன்றம் கெபெனாரான் மெரஞ்சாங் (திட்டமிடல் அனுமதி) கொடுக்கும், தீவுன்னா பினாங்குத் தீவு மன்றம், பெருநிலப் பக்கம்னா செபராங் பிறை மன்றம். நிலம் மாநில விஷயம், மலைநிலத்துக்கு இங்க தனி கட்டுப்பாடு இருக்கு, 76 மீட்டர் உயரத்துக்கு மேலயோ 25 டிகிரிக்கு மேல சரிவோ இருந்தா முதல்லயே கேட்டுக்கங்க. கட்டுமான குப்பை விஷயமும் வேற, கோலாலம்பூர்ல 2007 திடக்கழிவு சட்டம் இருக்கறதால எஸ்டபிள்யூகார்ப் (திடக்கழிவு நிர்வாகக் கழகம்) பார்க்கும், பினாங்கு அந்த சட்டத்த ஏத்துக்கல, மன்றமே பார்க்குது. ரோரோ தோங் (பெரிய குப்பைத் தொட்டி) லோரிக்காரர் எங்க கொண்டு போய் கொட்டறாருன்னு கேட்டு, இறக்கின ரசீத ஒவ்வொரு ட்ரிப்புக்கும் வாங்கி வைங்க, ரசீது கொடுக்காத ட்ரிப்புக்கு காசு கிடையாதுன்னு அக்ரிமென்ட்லயே போட்டுடுங்க.