நாற்பது வயதுக்கு மேல், மட்டையே பிடித்திராத ஒருவர் ஜோகன்னஸ்பர்க்கில் டென்னிஸ் கிளப்பில் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். கேள்வியோடு எழுதிய குறிப்பின் கடைசி வரியில், கேலிக்கு ஆளாவேனோ என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னைப் பதில் எழுத வைத்தது.

வேலை நிமித்தம் இங்கு வந்து, சாண்ட்டன் பக்கமோ மிட்ராண்ட் பக்கமோ குடியிருந்து, மருத்துவர் சர்க்கரை அளவைக் காட்டிப் பயமுறுத்திய பிறகு இந்த யோசனைக்கு வந்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள், என் கதை ஏறத்தாழ அதுதான். திருச்சியில் நான் படித்த பெண்கள் பள்ளியில் எறிபந்து உண்டு, கோ-கோ உண்டு. டென்னிஸ் என்பது ஆபீசர்ஸ் கிளப்பில் அதிகாரிகளின் பிள்ளைகள் ஆடுவது. ஆகவே நாற்பதைத் தாண்டிய பிறகு இங்கே ஒரு கிளப்பில் விண்ணப்பப் படிவத்தை நிரப்பியபோது, 'இதுவரை ஆடிய அனுபவம்' என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்துக் கொடுத்தேன். செயலாளர் அதைப் பார்த்துச் சிரித்தார், நல்ல விதமாகத்தான்.

இங்குள்ள பல கிளப்புகளில் சனிக்கிழமை பிற்பகலில் 'சோஷியல் டென்னிஸ்' நடக்கும். வந்திருக்கும் உறுப்பினர்களை நான்கு நான்கு பேராகப் பிரித்து இரட்டையர் ஆட்டம் ஆட விடுவார்கள். ஒரு செட், அதாவது ஆட்டத்தின் ஒரு சுற்று, முடிந்ததும் ஆள் மாறும். எல்லோரும் கலந்து ஆடுவதால் புதியவருக்கு இதுவே நல்ல வழி என்று உங்களிடமும் சொல்வார்கள். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பள்ளி நாளிலிருந்து ஆடிவரும் மூவருக்கு நடுவே ஒரு புதியவர் நின்றால், அவருக்குப் பந்து வருவதே அரிது, வந்தாலும் திரும்பிப் போகாது. கூட ஆடுபவர் ஒவ்வொரு முறையும் சொல்லும் 'பரவாயில்லை' போகப்போகச் சுருங்கி, கடைசியில் வெறும் தலையசைப்பாக ஆகிவிடும். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மிகுந்த மரியாதையோடு ஒதுக்கினார்கள். அடுத்த செட்டுக்கு ஆள் சேர்க்கும்போது, மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்து, "நீங்கள் சற்று இளைப்பாறுங்களேன்" என்பார்கள். இளைப்பாறும் அளவுக்கு நான் எதையும் ஆடியிருக்கவே மாட்டேன்.

அந்த நாட்களில் நான் அடித்த பந்துகளில் பல, பின்வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போய் விழுந்தன. அந்த வீட்டுச் சுவரின் மேல் மின்கம்பி ஓடுவதால் எட்டிப் பார்த்துக்கூட எடுக்க முடியாது. கைக்குப் பக்குவம் இல்லாதது ஒரு காரணம் என்றாலும், இந்த ஊருக்கும் அதில் பங்கு உண்டு என்பதைப் பிறகுதான் ஒரு பயிற்சியாளர் விளக்கினார். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு. பந்தைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் விசையும் குறைவு. சென்னையிலோ டர்பனிலோ கோட்டுக்குள் விழக்கூடிய அடி இங்கே வெளியே போய் விழும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகளிலேயே 1,219 மீட்டருக்கு மேற்பட்ட ஊர்களுக்கென்று தனி வகைப் பந்து இருக்கிறது. கடையில் பந்து வாங்கும்போது அந்த வகையா என்று பார்த்து வாங்குங்கள். கடற்கரை ஊருக்கான பந்தை வைத்துக்கொண்டு உங்கள் மணிக்கட்டை நொந்துகொள்ள வேண்டாம்.

அதைவிட முக்கியம், தொடக்கத்தில் வேகம் குறைந்த பந்தில் பழகுவது. பச்சைப் புள்ளி இட்ட பந்து வழக்கமானதைவிட ஏறத்தாழ கால் பங்கு மெதுவாக வரும். ஆரஞ்சுப் பந்து பாதி வேகம்தான். 2007இல் அந்தக் கூட்டமைப்பு தொடங்கிய இயக்கத்தின் அடிப்படையே, முதல் வகுப்பிலிருந்தே தொடக்கக்காரர்கள் செர்வ் (ஆட்டத்தைத் தொடங்கும் அடி) போட்டு, பந்தைத் திருப்பி அடித்து, புள்ளி எண்ணி ஆட வேண்டும் என்பதுதான். மெதுவான பந்து இல்லாமல் அது நடக்காது. "அதெல்லாம் குழந்தைகளுக்கு" என்று எந்தப் பயிற்சியாளராவது உதட்டைப் பிதுக்கினால் வேறு பயிற்சியாளரைப் பாருங்கள். பணம் நம்முடையது.

செர்வ் பற்றி ஒரு வார்த்தை. தலைக்கு மேல் தூக்கிப் போட்டு அடிக்கும் செர்வ் கைவர மாதங்கள் ஆகும். அதுவரை இடுப்பளவில் பந்தை விட்டுக் கீழிருந்து அடித்துப் போடலாம். விதிப்படி அது முழுக்கச் செல்லும். நான் அப்படிப் போட்டபோது எதிர்ப்பக்கத்தில் ஒருவர் முகம் சுளித்தார். 1989 பிரெஞ்சு ஓப்பனில் பதினேழு வயது மைக்கேல் சாங், கால் பிடித்துக்கொண்ட நிலையில், அன்றைய முதல்நிலை வீரர் இவான் லெண்டிலுக்கு எதிராக அப்படித்தான் போட்டுப் புள்ளி எடுத்தார் என்று நினைவூட்டினேன். என்னைச் சாங்கோடு ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்று யாரும் கருத்துப் பெட்டிக்குள் வந்துவிட வேண்டாம். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்கிறேன், அவ்வளவே.

என்னை உண்மையில் ஆட வைத்தவர் எழுபது வயதைத் தொட்ட ஒரு பெரியவர். இந்த நாட்டிலேயே பிறந்த தமிழர். பேச்சுத் தமிழ் அவருடைய பாட்டியோடு போய்விட்டது, ஆனாலும் என்னைத் 'தங்கச்சி' என்றுதான் அழைப்பார். நான் இங்குள்ள வழக்கப்படி 'அங்கிள்' என்பேன். அவர் இளைஞராக இருந்த நிறவெறி ஆட்சிக் காலத்தில் இதைப் போன்ற கிளப்புகளுக்குள் நம்மவர்கள் உறுப்பினராக நுழைய முடியாது. இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியில், வெடிப்பு விட்ட சிமெண்டுத் தரையில்தான் கற்றுக்கொண்டாராம். 1974இல் நம் சென்னைச் சகோதரர்கள் ஆனந்த் அமிர்தராஜும் விஜய் அமிர்தராஜும் ஆடிய இந்திய அணி, நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பை டென்னிஸின் இறுதிக்கு வந்தது; எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால், நிறவெறியை எதிர்த்து இந்தியா ஆட மறுத்தது; கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. "எங்கள் தெருவில் அன்றைக்குக் கோப்பையை இழந்தவர்களைத்தான் கொண்டாடினோம்" என்று அவர் சொன்னபோது, நான் கீழே பார்த்துக்கொண்டு மட்டையின் கைப்பிடி நாடாவைச் சரிசெய்தேன். அப்படிப்பட்டவர் சனிக்கிழமைகளில் மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, ஒரு கூடைப் பந்தை ஒவ்வொன்றாக என் பேக்ஹேண்ட் பக்கம், அதாவது புறங்கை முன்னே வர அடிக்கும் பக்கம், தட்டிவிடுவார். குறை சொல்ல மாட்டார். பந்து வலையில் விழுந்தால், "முழங்கால்" என்று மட்டும் சொல்வார். மடக்கவில்லை என்று பொருள்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்துக்கு என்னைச் சேர்க்கத் தயங்கியவர்கள், யார் எந்த வாரம் தேநீர் போடுவது என்ற முறைப் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கச் சற்றும் தயங்கவில்லை. செட்டுக்கு நடுவே, ஐந்தாவது கேமில் நிற்கும் பெண்ணைத் தண்ணீர் கொதித்துவிட்டதா என்று பார்க்கச் சொல்வதும், அதே நேரத்தில் ஆண்கள் இன்னொரு செட் தொடங்குவதும் பல கிளப்புகளில் வழக்கம் என்று தோழிகள் சொல்கிறார்கள். ஆண்கள் எல்லோரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. அங்கிள் தேநீர்க் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். நீங்கள் ஆண் என்றால் முதல் வாரமே உங்கள் பெயரைப் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள்; பெண் என்றால், ஆட்டம் கிடைத்த பிறகு எழுதுங்கள் என்று சொல்லுங்கள்.

மட்டைக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். தலை சற்றுப் பெரிதாகவும் எடை குறைவாகவும் இருந்தால் போதும், மட்டையின் நரம்பை மிக இறுக்கிக் கட்டச் சொல்லாதீர்கள், முழங்கையில் வலி வரும். காலணியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஓட்டத்துக்கான காலணி முன்னோக்கி ஓடத்தான். பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்கால் பிசகும். கோடைப் பிற்பகலில் இடிச் சத்தம் கேட்ட உடனே கோர்ட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள். இந்த ஊர் மின்னலோடு விளையாடக் கூடாது.

ஆண்டுச் சந்தாவை உடனே கட்டிவிடாதீர்கள். பார்வையாளர் கட்டணம் கட்டி ஒரு சனிக்கிழமை ஆட முடியுமா என்று கேளுங்கள். தொடக்கக்காரர்களுக்குத் தனி நேரம் எந்த நாளில் என்றும், அதற்கு உண்மையில் எத்தனை பேர் வருகிறார்கள் என்றும் கேளுங்கள். அன்றைக்கு உங்களோடு ஒரு கூடைப் பந்து அடிக்க யாராவது தானாக முன்வந்தால் படிவத்தை வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் வரவில்லையென்றால் அடுத்த சனிக்கிழமை வேறு கிளப்புக்குப் போங்கள். இந்த ஊரில் கிளப்புகளுக்குக் குறைவில்லை.