ஆபீஸ் பொங்கலுக்கு வேடந்தாங்கலா, பள்ளிக்கரணையா?

கேள்வி: எங்கள் ஆபீஸ் பெருங்குடியில். வருஷா வருஷம் பொங்கலுக்குக் கோலப்போட்டி, உறியடி, கேட்டரிங் சாப்பாடு. இந்த முறை வேடந்தாங்கல் போய்ப் பறவை பார்த்துவிட்டு, ஆளுக்கொன்று சமைத்து எடுத்து வந்து சேர்ந்து சாப்பிடலாம் என்று முடிவு. முப்பது பேர், ஏற்பாடு முழுக்க என் தலையில். காணும் பொங்கலன்றே போகலாம் என்கிறார் மேனேஜர். சரிவருமா?
– பெயர் வேண்டாம், மேடவாக்கம்

பதில்: காணும் பொங்கல் வேண்டவே வேண்டாம். அன்றைக்கு ஊரே வெளியில்தான் இருக்கும், பறவையைவிட மனிதத் தலைதான் அதிகம் தெரியும், ஊருக்குப் போனவர்கள் திரும்புகிற வண்டிகள் வேறு ஜி.எஸ்.டி. ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். போகியும் கூடாது, ஒரே புகை. பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை பாருங்கள்.

வேடந்தாங்கல் அருமையான இடம்தான், ஜனவரியில் மரமெல்லாம் கூடாக இருக்கும். ஆனால் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். விடியும்போது கரையில் நிற்க வேண்டுமென்றால் நாலு மணிக்கே பஸ் கிளம்ப வேண்டும். முப்பது பேரை அந்த நேரத்துக்கு எழுப்பிப் பாருங்கள், தெரியும்! உங்கள் வாசலிலேயே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் இருக்கிறதே. வேடந்தாங்கலைப் போலவே அதுவும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம். கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, தண்ணீர் குறைவாக இருந்தால் பூநாரைகூடக் கிடைக்கலாம். நீலத் தாழைக்கோழியை மட்டும் தவறவிடாதீர்கள்: கோரைத் தண்டைப் பிடுங்கி, ஒரு காலால் தூக்கிப் பிடித்து, அடிக்குருத்தைக் கடித்துத் தின்னும், நாம் கரும்பு கடிக்கிற மாதிரியே.

பட்டுப்புடவை, வெள்ளை வேட்டியெல்லாம் பையில் இருக்கட்டும், பறவை பார்க்கும்போது மங்கலான நிறம் போதும். பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து நில்லுங்கள். போனில் பறவைச் சத்தம் போட்டுக் கூப்பிடுகிற வேலை வேண்டாம். தண்ணீர்க் கரையில் சாப்பாட்டுக் கடையும் விரிக்காதீர்கள். ஒன்பது மணிக்கு ஆபீஸ் திரும்பிவிட்டால் கை கழுவ இடம், டாய்லெட், மைக்ரோவேவ் எல்லாம் இருக்கிறது.

சாப்பாடுதான் கவனம். "ஆளுக்கொன்று" என்று விட்டால் பாதிப் பேர் லெமன் சாதம் கொண்டுவருவார்கள், ஆண்கள் சிப்ஸ் பாக்கெட்டோடு வந்து நிற்பார்கள், பெண்கள் மட்டும் விடியற்காலை மூணு மணிக்கு அடுப்பு பற்ற வைப்பார்கள். அதனால் பெயர் போட்டு லிஸ்ட் எழுதிவிடுங்கள். வெண்பொங்கலையும் வடையையும் ஹோட்டலில் சொல்லிவிட்டு புளியோதரை, சக்கரைப் பொங்கல், தயிர்சாதத்தைப் பங்கு போடுங்கள். தேங்காய்ச் சட்னி சீக்கிரம் ஊசிவிடும், கொத்சு வையுங்கள். சமைக்காதவர்களுக்கு வாழையிலை, கரும்பு வாங்குவதும் கடைசியில் பாத்திரம் கழுவுவதும். அசைவத்துக்குத் தனி மேஜை போட்டுவிட்டால் முணுமுணுப்பு இருக்காது.

இன்னொன்று. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். ஊருக்குப் போகிறவர்களும் கலந்துகொள்ளலாம், மொட்டைமாடியில் பதினைந்து நிமிஷம் நின்று பார்த்ததை எண்ணி, பறவைப் பதிவுக்கான ஈபேர்ட் (eBird) தளத்தில் ஏற்றினால் போதும், காக்கா மைனாவும் கணக்குத்தான்.

கேள்வி: பைனாகுலர் ஆளுக்கொன்று வேண்டுமா?
– அதே வாசகி

பதில்: மூணு பேருக்கு ஒன்று தாராளம். வாங்குவதானால் 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.), எட்டு மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கிற இடத்திலுள்ள ரப்பர் வளையத்தை உள்ளே தள்ளிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாதிக் காட்சி கறுப்பாகத்தான் தெரியும்.