பிறவியிலேயே வருவதா நிறவெறுப்பு?

கேள்வி: கானாடுகாத்தானுக்குப் பழைய வீடுகளைப் பார்க்க வந்த ஆப்பிரிக்கப் பயணி ஒருவரைக் கண்டதும் என் இரண்டு வயதுப் பேத்தி வீறிட்டு அழுதாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நிறவெறுப்பு மனிதனுக்குப் பிறவிக்குணம் என்பதற்கு இது போதாதா?
– வாசகர் ஒருவர், காரைக்குடி

பதில்: போதாது, ஐயா. பேத்திக்கு வந்தது மிரட்சி. மாலை போட்டுத் தாடி வளர்த்த சித்தப்பாவைக் கண்டும்தான் பிள்ளைகள் அழுகின்றன. அதை வெறுப்பு என்று அந்தக் குழந்தையின் தலையில் கட்டாதீர்கள்.

பிறந்து சில நாளே ஆன சிசுக்கள் எல்லா இனத்தவர் முகங்களையும் ஒன்றுபோலவே பார்க்கின்றன என்றும், மூன்றாம் மாதத்தில் தம் இனத்தவர் முகத்தில் கூடுதல் நேரம் கண் பதிக்கின்றன என்றும் பிரிட்டனில் நடந்த ஆய்வு ஒன்று 2005இல் சொன்னது. மறு ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வில், எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலுக்குக் குடியேறி, இரு நிறத்தவர் நடுவிலும் வளர்ந்த குடும்பங்களின் குழந்தைகளிடம் அந்தச் சாய்வு தென்படவில்லை. கண்ணுக்குப் பழகியது பிடிக்கிறது, அவ்வளவுதான். 'நம்மவர், பிறத்தியார்' என்று பிரித்துப் பார்க்கும் சுபாவம் மனிதனிடம் இருக்கலாம். பிறத்தியார் யார், அவரை ஏன் இளக்காரமாக நினைக்க வேண்டும் என்பதெல்லாம் வளர்க்கிறவர்கள் புகட்டுவது.

செட்டிநாட்டுக்காரருக்கு இதற்கு வெளியூர்ச் சாட்சி எதற்கு? பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்களின் கதை உங்கள் ஊரில்தானே இருக்கிறது! கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் வசம் இருந்த விளைநிலம் சுமார் 6 சதவீதம். நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாதவர்களின் வயல்கள் கடன் கொடுத்த செட்டியார்களிடம் கைமாறின. 1938க்குள் அந்த 6 சதவீதம் 25 சதவீதமாக உயர்ந்தது. நிலம் போன உழவனின் ஆத்திரம் வட்டிக்கடையோடு நிற்காமல் இந்தியர் அனைவர்மீதும் திரும்பியது. ரங்கூனில் 1930இல் மூண்ட கலவரத்துக்கும் துறைமுகக் கூலிவேலைத் தகராறுதான் தொடக்கம். பிறவிக்குணம் என்றால் நெல் விலையைப் பார்த்தா ஏறி இறங்கும்?

'யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை' என்கிறீர்கள். பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள், 'நிறம் கொஞ்சம் மட்டுதான், போகப் போகத் தெளிந்துவிடும்' என்று தொட்டிலருகே சொல்வதில்லையா? சோறு இறங்காத பிள்ளையிடம், 'கறுப்பாக ஒருத்தன் வந்து பிடித்துக்கொண்டு போவான்' என்று எந்த வீட்டிலும் மிரட்டுவதில்லையா? பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது, ஐயா.

அழுத பிள்ளையை வாரிக்கொண்டு உள்ளே போயிருந்தால், அது தப்பான பாடம். புது ஆளைக் கண்டதும் குழந்தை முதலில் பார்ப்பது பெரியவர் முகத்தை. அடுத்த முறை அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நீங்களே முன்னால் போய் வணக்கம் சொல்லுங்கள். திண்ணையில் உட்காரவைத்து, வந்தவருக்கு மோர் கொடுங்கள்.