பி மீசான் சிதைவைக் கணிக்க இத்தனை மாதிரிகள் ஏன்? இவற்றில் எதை நம்புவது?

நீங்கள் முதுநிலை இயற்பியல் மாணவர் என்று கேள்வியில் குறிப்பிட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என் முனைவர் பட்ட ஆய்வும் இதே துறையில்தான்.

பி மீசான் என்பது பாட்டம் குவார்க்கைக் கொண்ட ஒரு துகள். பீட்டாச் சிதைவை நிகழ்த்தும் மென்விசைதான் பி மீசானையும் சிதைக்கிறது. ஆனால் இத்தனை மாதிரிகள் முளைத்ததற்குக் காரணம் அந்த விசை அல்ல, குவார்க்குகளைக் கட்டி வைத்திருக்கும் வன்விசை.

பாட்டம் குவார்க் சார்ம் குவார்க்காக மாறும். கூடவே ஒரு எலக்ட்ரானும் ஓர் எதிர்நியூட்ரினோவும் வெளிவரும். இது பாடநூல் கணக்கு. டபிள்யூ போசானின் நிறை சுமார் 80 ஜிகா எலக்ட்ரான் வோல்ட், பாட்டம் குவார்க்கினுடையது நாலைந்துதான். ஆகவே ஃபெர்மி 1930களில் எழுதிய புள்ளி இடைவினையே இங்கு போதும். மியூவானின் ஆயுளைக் கணக்கிடும்போது நிறையின் ஐந்தாம் அடுக்கு வருமே, அதே சூத்திரம்தான். கூடுதலாக, குவார்க்குகள் ஒன்று மற்றொன்றாக மாறும் வலிமைகளைத் தரும் கோபயாஷி-மஸ்காவா அணியில் பாட்டம்-சார்ம் மாற்றத்துக்குரிய வி-சிபி என்ற உறுப்பின் வர்க்கம் வரும். வி-சிபி ஏறத்தாழ 0.04தான். இவ்வளவு சிறியதாக இருப்பதால்தான் பி மீசான் 1.5 பிக்கோ நொடி வரை தாக்குப்பிடிக்கிறது.

சிக்கல் என்னவென்றால், பாட்டம் குவார்க் தனியாகக் கிடைப்பதே இல்லை. அதைச் சுற்றி ஒரு லேசான குவார்க்கும் குளுவான்களும் சேர்ந்த ஒரு மேகம் இருக்கிறது. உள்ளே குவார்க் மாறியதும் அந்த மேகம் தன்னைத் திருத்திக்கொண்டு சார்ம் குவார்க்கைக் கொண்ட ஒரு டி மீசானாக அமைய வேண்டும். அதற்கான வீச்சைத்தான் வடிவக் காரணி என்கிறோம். அந்த ஆற்றல் அளவில் வன்விசையின் பிணைப்பு எண் பெரியது, சிறிய திருத்தங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் உலைவுக் கோட்பாடு வேலை செய்யாது. நீங்கள் பார்க்கும் மாதிரிகள் எல்லாமே இந்த ஒரு சார்பை ஊகிக்கும் வெவ்வேறு வழிகள்தான்.

1985-இல் பாவர், ஸ்டெக், விர்பெல் மூவரும் அலைச் சார்புகள் ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு பொருந்துகின்றன என்று கணக்கிட்டார்கள். 1989-இல் இஸ்கர், ஸ்கோரா, கிரின்ஸ்டீன், வைஸ் நால்வரும் சார்பியல் சாராத குவார்க் மாதிரியிலிருந்து தொடங்கினார்கள். உள்ளுணர்வு பெற இவை அருமையானவை. ஆனால் விடையில் எத்தனை சதவீதம் பிழை இருக்கலாம் என்று இவற்றுக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு மாதிரிகளின் விடைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைப் பிழையாகப் போடுவதை நான் ஏற்பதில்லை. இரண்டுமே ஒரே பக்கம் தவறியிருக்கலாம் அல்லவா?

நிலைமையை மாற்றியது, 1989, 1990 ஆண்டுகளில் இஸ்கரும் வைஸும் எழுதிய கட்டுரைகள். ஹைட்ரஜனும் டியூட்டீரியமும் வேதியியலில் கிட்டத்தட்ட ஒன்றுபோல் நடந்துகொள்கின்றன. எலக்ட்ரானுக்குக் கருவின் மின்னூட்டம்தான் தெரியும், நிறை பெரிதாகத் தெரியாது. அதுபோல, கனமான குவார்க்கைச் சுற்றியுள்ள மேகத்துக்கும் அதன் நிறம் (வன்விசைக்கான மின்னூட்டம் போன்றது) மட்டுமே தெரியும். பாட்டமா சார்மா என்பது தெரியாது. ஓய்வில் இருக்கும் பாட்டம் குவார்க் ஓய்வில் இருக்கும் சார்ம் குவார்க்காக மாறினால், மாற்றம் நடந்ததே மேகத்துக்குத் தெரியாது. அந்தப் புள்ளியில் வடிவக் காரணி 1 ஆகிவிடும்! மேகத்தின் உள்ளமைப்பு பற்றி ஒன்றுமே தெரியாமல் ஒரு துல்லியமான எண் கிடைக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை.

குவார்க்குகளின் நிறை முடிவிலி இல்லை என்பதால் திருத்தங்கள் உண்டு. டி மீசானின் சற்றுக் கனமான உறவான டி-ஸ்டார் மீசானாக மாறும் சிதைவில், அந்தப் புள்ளியில் முதல் படித் திருத்தம் மறைந்துவிடும் என்று இயற்பியலாளர் லூக் காட்டினார். மிஞ்சும் திருத்தங்களை, வெளியையும் காலத்தையும் புள்ளிகளின் வலையாக்கி வன்விசையைக் கணக்கிடும் லாட்டிஸ் கணினிக் கணக்கு தருகிறது. கடைசியில் வரும் விடை 1 அல்ல, சுமார் 0.9. முக்கியமாக, அது தன் பிழையையும் சொல்கிறது.

சார்மின் நிறை அவ்வளவு பெரிதில்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம். மேகத்துக்குப் பங்கே இல்லையென்றால் மின்னூட்டமுள்ள டி மீசானும் நடுநிலை டி மீசானும் ஒரே ஆயுள் வாழ வேண்டும். உண்மையில் முதலாவது 1.03 பிக்கோ நொடி, இரண்டாவது 0.41. பி மீசான்களில் அதே வித்தியாசம் எட்டு சதவீதம் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

இன்னொரு இக்கட்டு: சார்ம் ஓய்வில் பிறக்கும் அந்த நல்ல புள்ளியில் சிதைவு வீதமே பூஜ்ஜியம். அங்கே அளக்க முடியாது. தள்ளியிருக்கும் தரவிலிருந்து வளைகோட்டை நீட்டித்தான் அங்கே போக வேண்டும். 2017-இல் ஜப்பானில் நடந்த பெல் என்ற பி மீசான் சோதனையின் தரவுக்கு வேறொரு வளைகோட்டு வடிவத்தைப் பொருத்தியதும் வி-சிபி மதிப்பே நகர்ந்தது. இரண்டு வழிகளில் கணித்த வி-சிபி மதிப்புகள் ஒத்துப்போகாத பழைய முரண்பாடு தீர்ந்துவிட்டது போலத் தோன்றியது. அடுத்து வந்த தரவுகளில் அது நிலைக்கவில்லை. குறிப்பிட்ட மீசானாக முடியும் சிதைவுகளை வைத்துக் கணித்தால் சுமார் 0.039, எல்லாச் சிதைவுகளையும் கூட்டிக் கணித்தால் சுமார் 0.042. இந்த இடைவெளி இன்னும் அப்படியே இருக்கிறது.

பி மீசான் இரண்டு பையான்களாக (லேசான குவார்க்குகளாலான மீசான்கள்) சிதைவது போன்றவற்றில் எலக்ட்ரான் கிடையாது, எல்லாத் துகள்களும் வன்விசையில் சிக்கியவை. அங்கே நம் கட்டுப்பாடு இன்னும் குறைவு.

எதை நம்புவது என்றால், தன் பிழையைத் தானே மதிப்பிட்டுச் சொல்வதை நம்புங்கள். டி மீசான் மெதுவாக வெளிவரும் பகுதியில் லாட்டிஸும், வேகமாக வெளிவரும் பகுதியில் ஒளிக்கூம்புக் கூட்டு விதிகள் என்ற மற்றொரு கணக்கு முறையும் வலுவானவை. ஒன்றை மற்றதன் எல்லைக்குள் இழுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க, டி மீசானும் எலக்ட்ரானும் வரும் சிதைவில் தொடங்கலாம். எலக்ட்ரான் நிறையைப் புறக்கணித்தால் அங்கே ஒரே ஒரு வடிவக் காரணிதான் மிஞ்சும்.