இடிக்கு வைரஸ் கார்ட் கிடையாது

மகள் உயர்தரம் படிக்கிறாள். பாவித்த ஐ5 டெஸ்க்டொப் ஒன்று மலிவாக வருகிறது, எடுக்கலாமா? (ஹட்டன்)

ஐ5 என்ற பெயர் 2009இலிருந்தே இருக்கிறது, அதனால் அதை மட்டும் கேட்டுவிட்டுக் காசை நீட்டாதீர்கள். பின்னால் வரும் இலக்கத்தைக் கேளுங்கள்: 4590 என்றால் நான்காம் தலைமுறை, 8500 என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 11 முறைப்படி ஏற, இன்டெலில் பொதுவாக எட்டாவதாவது வேண்டும். விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்பகம்) படிப்புக்குத் தாராளம். காசு இடித்தால் மொனிட்டரின் அளவைக் குறையுங்கள், எஸ்எஸ்டியை விட்டுவிட்டுப் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போகாதீர்கள். கரண்ட் அடிக்கடி போகும் இடமென்றால் நான் லெப்டொப் கட்சி.

காசு கொடுத்து வைரஸ் கார்ட் (வைரஸ் தடுக்கும் மென்பொருள்) போட வேண்டுமா? கொமியுனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்து வந்தால் பென்டிரைவில் எல்லாம் ஷோர்ட்கட் ஆகிவிடுகிறது. (தலவாக்கலை)

வீட்டுப் பாவனைக்கு விண்டோஸோடு வரும் டிஃபென்டரே போதும், ஆனால் அது உண்மையில் ஓடுகிறதா என்று பாருங்கள். கள்ள விண்டோஸ் போட்டுத் தருகிறவர்கள், அதைக் காசு கட்டியது போலக் காட்டும் அக்டிவேட்டரை டிஃபென்டர் பிடித்துவிடும் என்று முதலில் அதை அணைப்பார்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலில் (டிஃபென்டர் சோதிக்காமல் விட வேண்டியவை) முழு சி டிரைவையும் போட்டு வைப்பார்கள். என்னிடம் திருத்த வந்த ஒரு லெப்டொப்பில் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்காரர் அதற்கு மேலே காசு கொடுத்து இன்னொரு கார்டும் வாங்கிப் போட்டு, மெஷின் ஆமையாகிக் கிடந்தது.

ஷோர்ட்கட் கதைக்கு வருவோம். உங்கள் பைல்கள் அழியவில்லை, ஒளிக்கப்பட்டிருக்கின்றன. அதே பெயரில் நிற்கும் ஷோர்ட்கட்டை அமத்தினால்தான் வைரஸ் உங்கள் கொம்பியூட்டருக்குள் இறங்கும், ஆகவே அமத்தாதீர்கள். போல்டர் ஒப்ஷன்ஸில் ஒளித்த பைல்களையும் சிஸ்டம் பைல்களையும் காட்டச் சொல்லுங்கள், உங்கள் டொக்யுமென்ட்களை மட்டும் கொப்பி பண்ணிக்கொண்டு பென்னை போர்மட் அடியுங்கள். அடுத்த முறை பென்னே வேண்டாம், பிடிஎஃப் ஆக்கி கடைக்காரரின் வட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டுக் கடைக்குப் போங்கள்.

யூபிஎஸ் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் மெஷினைத் தாங்கும் பெட்டரிப் பெட்டி) இருக்கிறது. இடி மழைக்கும் பிளக்கைக் கழற்ற வேண்டுமா? (மஸ்கெலியா)

கழற்றத்தான் வேண்டும். நானே பட்டவன். ஒரு ஒக்டோபர் பின்னேரம், மலைக்கு அந்தப் பக்கம் உறுமத் தொடங்கியதுமே யூபிஎஸ்ஸைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன், ரவுட்டருக்கு வரும் டெலிபோன் வயரை மறந்துவிட்டேன். ஒரே வெட்டு. அது வயர் வழியே ரவுட்டருக்கு வந்து, அங்கிருந்து லேன் கேபிளில் ஏறி, மதர்போர்டில் லேன் குத்தும் இடத்தைச் சுற்றி விரல் நகமளவு கருக்கிவிட்டது. யூபிஎஸ் பாவம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பகல் தாண்டினால் இடிதான், அந்த மாதங்களில் கரண்ட், டெலிபோன், டிவி அன்டெனா மூன்றையும் முன்கூட்டியே கழற்றிப் பழகுங்கள். இடி தலைக்கு மேலே வந்த பிறகு ஓடிப்போய் வயரைத் தொட வேண்டாம், மெஷின் போனால் போகட்டும். இன்னொன்று, பக்கத்து அறையிலிருந்து இழுத்த லைன் என்றால் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரிஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் இல்லாத இடத்தில், திடீரென்று பாயும் கரண்டைத் தடுக்கும் சேர்ஜ் புரொடெக்டரை நம்ப முடியாது. 650 விஏ அளவுள்ள சின்ன யூபிஎஸ் சேவ் பண்ணி மூடுவதற்குத்தான், உட்கார்ந்து வேலை செய்ய அல்ல. இரண்டு மூன்று வருஷத்தில் அதன் பெட்டரியும் இளைத்துவிடும்.

ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் டெஸ்க்டொப் ஓன் ஆகாமல் பீப் பீப் என்கிறது. (நுவரெலியா)

பெரும்பாலும் ஈரம். பிளக்கைக் கழற்றி, பெட்டியைத் திறந்து, ரேமை எடுத்து, அதன் தங்க நிறப் பல்வரிசையைப் பிள்ளையின் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிட்டு, 'கிளிக்' என்று கேட்கும் வரை அமத்திப் போடுங்கள். பெட்டியை மழை ஊறும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். திரும்பவும் பீப் என்றால் ரேமை அடுத்த துவாரத்துக்கு மாற்றிப் பாருங்கள், அதற்கும் மசியாவிட்டால் மட்டும் கடைக்குத் தூக்கிப் போங்கள்.