பத்து வாரம் இருக்கிறது, இரண்டாவது ஃப்ரிட்ஜ் வேண்டாம்

கேள்வி: குளிர்கால விடுமுறைக்கு மாமியார், மூத்தார் குடும்பம், நாத்தனார் குடும்பம் என்று பதினோரு பேர் எங்கள் வீட்டில் ஒன்பது நாள் தங்கப்போகிறார்கள். எங்களோடு சேர்த்தால் பதினைந்து பேர். இன்னும் பத்து வாரம் இருக்கிறது. போன வருடமும் எங்கள் வீட்டில்தான் கூடினோம். மளிகை, பரிசு, அலங்கார விளக்கு, பாத்திரம் எல்லாமே கிரெடிட் கார்டில் போனது. சில மாதங்கள் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தோம். கடன் குறையவே இல்லை என்று உறைத்த பிறகுதான் வரிந்துகட்டி முடித்தோம். இந்த முறை கணவர் இரண்டாவது ஃப்ரிட்ஜ், புது ஓவன், சமையலறைக்குப் புது பெயின்ட் என்று பட்டியல் போட்டிருக்கிறார். இருக்கிற ஓவன் ஒரு பக்கம் கருக்குகிறது, மறுபக்கம் வேகவே மாட்டேன் என்கிறது. கடையில் ஆறு மாத வட்டியில்லாத் தவணை தருகிறார்கள். மொத்தமாகக் கட்டினால் 8 சதவீதம் தள்ளுபடி. எங்களிடம் நான்கு மாதச் செலவுக்கான அவசர நிதி இருக்கிறது. தவணையில் போகலாமா, அவசர நிதியில் கை வைக்கலாமா? இன்னொன்று, வருகிறவர்களிடம் செலவைப் பகிர்ந்துகொள்ளச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதில்: இரண்டுமே வேண்டாம். உங்கள் பட்டியலில் இருக்கும் மூன்றில் இரண்டை வாங்கவே தேவையில்லை. மூன்றாவதையும் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம்.

முதலில் அந்தத் தவணை. வட்டி இல்லை என்கிறார்கள், சரி. ஆனால் மொத்தமாகக் கட்டுகிறவருக்கு அதே பொருள் 8 சதவீதம் குறைவாகக் கிடைக்கிறது அல்லவா? அப்படியானால் அதன் உண்மையான விலை 92. நீங்கள் 92 மதிப்புள்ள பொருளை எடுத்துக்கொண்டு ஆறு மாதத்தில் 100 கட்டுகிறீர்கள். மாதா மாதம் அசலும் குறைந்துகொண்டே வருவதால், இதை வட்டியாகக் கணக்கிட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 2.4 சதவீதம் வருகிறது. பல கிரெடிட் கார்டுகளின் வட்டிக்கு இது அதிகம் தூரமில்லை. செயலாக்கக் கட்டணம் என்று ஏதாவது சேர்த்தால் அதுவும் வட்டிதான். விலைச்சீட்டில் வட்டி என்ற சொல் இல்லை என்பதற்காக வட்டியே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன வருடக் கடன் ஏன் குறையவில்லை என்பதையும் ஒரு தடவை எண்ணாகப் பார்த்துவிடுங்கள். உங்கள் கார்டின் வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. மாதம் 3 சதவீதம் என்றும், குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். 100 கடன் வைத்துவிட்டு, புதிதாக எதுவும் வாங்காமல், பன்னிரண்டு மாதம் குறைந்தபட்சத் தொகையை ஒழுங்காகக் கட்டுகிறீர்கள். வருட முடிவில் 55 கட்டியிருப்பீர்கள். பாக்கி இன்னும் 77 இருக்கும். அதே 100ஐ ஆறு சமத் தவணைகளில் அடைத்திருந்தால் மொத்தம் 111க்குள் கதை முடிந்திருக்கும். நீங்கள் பாதியில் விழித்துக்கொண்டீர்கள், அதுவே நல்ல காரியம்.

அவசர நிதி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். வேலை போனால், உடம்புக்கு முடியாமல் போனால், கடுங்குளிரில் வீட்டு ஹீட்டர் நின்றுபோனால் எடுக்க வேண்டிய பணம் அது. விருந்தாளிகள் வரும் தேதி உங்களுக்குப் பத்து வாரத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தேதி தெரிந்த செலவில் அவசரம் எங்கிருந்து வந்தது?

அப்படியானால் பணத்துக்கு எங்கே போவது? உங்கள் ஃப்ரீசரைத் திறந்து பாருங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி, மறந்துபோய், பனி மூடிக் கிடக்கிற பொட்டலங்கள் அங்கே இருக்கும். அலமாரியின் பின்வரிசையில் பாதி தீர்ந்த மாவுப் பைகளும், ஒரே மசாலாவின் மூன்று டப்பாக்களும் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கணக்கெழுதுங்கள். அடுத்த நான்கு வாரம் வீட்டுச் சமையல் முடிந்தவரை அதிலிருந்துதான். பால், காய்கறி, பழம் மட்டும் புதிதாக வாங்கினால் போதும். வாரா வாரம் மளிகைக்குப் போகிற தொகையில் எவ்வளவு மிஞ்சுகிறதோ அதை அன்றைக்கே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். வீட்டுச் செலவு ஓடும் கணக்கிலேயே இதையும் விட்டுவைத்தால், மிச்சம் பிடித்த பணம் எங்கே போனதென்று தெரியாமலே போய்விடும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஃப்ரீசர் காலியாகக் காலியாக, இரண்டாவது ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டும் என்று கணவர் சொல்லும் காரணமும் கரைந்துபோகும்.

இந்த இரண்டாவது ஃப்ரிட்ஜ் ஆசை எனக்கும் வந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு விடுமுறைக் கூட்டத்துக்காக வாங்கினேன். பத்து நாள் பிதுங்கி வழிந்தது. மீதி வருடமெல்லாம் அதற்குள் இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு ஊறுகாய் ஜாடியும். மூன்றாவது வருடம் விற்றபோது வாங்கின விலையில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை. ஒரு நடுத்தர ஃப்ரிட்ஜ் வருடத்துக்குச் சுமார் 300 முதல் 500 யூனிட் மின்சாரம் எடுக்கும், பழையது என்றால் இன்னும் கூடுதலாகவே எடுக்கும். அந்த ஊறுகாய்க்கு நான் கட்டிய மின்கட்டணத்தை இன்றுவரை மனைவியிடம் முழுதாகச் சொன்னதில்லை.

விடுமுறை நாட்களில் ஃப்ரிட்ஜில் இடத்தை அடைப்பது பெரும்பாலும் சாப்பாடு அல்ல, பானங்கள். பாட்டில்களை ஐஸ் போட்ட பெட்டிக்கு மாற்றினாலே ஒரு தட்டு முழுதாகக் காலியாகிவிடும். அப்படி ஒரு பெட்டி இல்லாவிட்டால் இரவல் வாங்குங்கள். அடுத்து, உறைந்த பெரிய இறைச்சித் துண்டு. அதை ஃப்ரிட்ஜுக்குள் வைத்து இளக்க, இரண்டு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஆறு கிலோ என்றால் மூன்று நாள் அது ஒரு தட்டை ஆக்கிரமித்துக்கொள்ளும். இது தெரியாமல் முந்தின நாள் ராத்திரி எடுத்து வைத்து, மறுநாள் கல்லாக இருப்பதைப் பார்த்துப் பதறி, புதிதாக இன்னொன்றை இரட்டை விலைக்கு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அந்த மூன்று நாளையும் காலண்டரில் இப்போதே குறித்துவைத்து, அந்த நாட்களில் ஃப்ரிட்ஜில் வேறு எதையும் நிரப்பாமல் பார்த்துக்கொண்டால் இடப்பிரச்சினை தீர்ந்தது.

இருக்கிற ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் கவனியுங்கள். உள்ளே 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே, ஃப்ரீசர் மைனஸ் 18. ஒரு சின்ன வெப்பமானி வாங்கிப் போட்டால் தெரிந்துவிடும். கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது, ரப்பரை மட்டும் மாற்றலாம். பின்னாலோ அடியிலோ உள்ள கம்பிச்சுருளில் தூசி படிந்திருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள். ஃப்ரீசர் நிறைந்திருப்பது நல்லது. ஃப்ரிட்ஜ் அப்படியல்ல, உள்ளே குளிர்காற்று சுற்றி வர இடைவெளி வேண்டும்.

இனி ஓவன். ஒரு பக்கம் கருகுவதால் மட்டும் ஓவன் செத்துவிட்டதாக அர்த்தமில்லை. சூடாக்கும் கம்பியோ விசிறியோ கதவு ரப்பரோ போயிருக்கலாம். உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி, குமிழில் வைத்த சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றுதானா என்று பாருங்கள். பழுது பார்ப்பவரை இந்த மாதமே கூப்பிடுங்கள், விடுமுறைக்கு முந்தின வாரம் அவர் ஃபோனையே எடுக்கமாட்டார். பழுதுச் செலவு புது ஓவன் விலையில் பாதியைத் தாண்டி, ஓவனும் தன் ஆயுளில் பாதியைத் தாண்டியிருந்தால் மட்டும் புதிது வாங்குவதை யோசிப்பேன். அப்போதும் தனிக் கணக்கில் சேர்ந்த பணத்தில், 8 சதவீதத் தள்ளுபடியோடு, மொத்தமாக. அதுவரை தட்டைப் பாதி நேரத்தில் திருப்பி வைப்பதற்கு ஒரு செலவும் இல்லை.

பெயின்ட் வேண்டாம். பதினைந்து பேர் ஒன்பது நாள் புழங்கிய பிறகு அந்தச் சுவரை மறுபடி பார்ப்பீர்கள். அடிக்க வேண்டுமென்றால் அவர்கள் கிளம்பிய பிறகு அடியுங்கள்.

பெயின்ட்டுக்கு நினைத்திருந்த பணத்தில் ஒரு சின்ன பங்கைச் சாக்கடைக்கும் குழாய்க்கும் ஒதுக்குங்கள். அழகான செலவில்லைதான். ஆனால் கூட்டம் கூடிய நாளில் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டால், விடுமுறை நாளில் வரும் ப்ளம்பர் கேட்கும் கூலியைப் பேரம் பேசும் நிலையில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். எண்ணெயும் கொழுப்பும் குழாய்க்குள் போய் ஆறி இறுகுவதுதான் பெரும்பாலும் காரணம். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய டப்பாவை வைத்து, மிச்சக் கொழுப்பை அதில் ஊற்றி இறுகியதும் குப்பையில் போடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிவையுங்கள். பாத்திரம் கழுவ வருகிற மருமகனுக்கும் சேர்த்துத்தான்.

குளிருக்கு அறை ஹீட்டர் வாங்கும் எண்ணமும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். 1500 வாட் ஹீட்டர் மணிக்கு ஒன்றரை யூனிட் எடுக்கும். இரண்டு அறையில் தினம் எட்டு மணி நேரம், ஒன்பது நாள் என்றால் 216 யூனிட். ஒரு ஃப்ரிட்ஜ் பாதி வருடத்துக்கு எடுப்பதை நெருங்கிவிடுகிறது. கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைக்கும் பட்டையும், கூடுதலாக இரண்டு கம்பளியும் அதில் சிறு பகுதிதான் ஆகும். ஹீட்டர் போட்டே ஆகவேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன் வயரில் செருகாதீர்கள், தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

மளிகையில் கெடாதவற்றை ஐந்தாவது வாரத்திலிருந்து சிறுகச் சிறுக வாங்குங்கள். மாவு, சர்க்கரை, எண்ணெய், சோப்பு, டிஷ்யூ போன்றவை. பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நம்பாதீர்கள், கிலோ விலையைப் பாருங்கள். வாங்குவதற்கு முன், இருப்பது உயிரோடு இருக்கிறதா என்று சோதியுங்கள். ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரை வெந்நீரில் போட்டால் நுரைத்துப் பொங்க வேண்டும். மசாலாப் பொடியை உள்ளங்கையில் தேய்த்து முகருங்கள். மணம் இருந்தால் சமையலுக்கு ஆகும், டப்பாவில் தேதி கடந்துவிட்டதே என்று தூக்கிப்போட வேண்டியதில்லை. 'இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்' என்று இறைச்சியிலும் பாலிலும் போட்டிருப்பது வேறு, அது பாதுகாப்புக்கான தேதி. அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மீந்த சாப்பாட்டைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து உள்ளே வைத்து, மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள். போன வருட ஸ்டேட்மென்ட்டை எடுத்து, விருந்தாளிகள் வந்த பிறகு நீங்கள் கடைக்கு ஓடிய தடவைகளை மட்டும் கூட்டிப் பாருங்கள். என்னிடம் வருகிறவர்களின் ஸ்டேட்மென்ட்டுகளில் பெரிய ஓட்டை பரிசுகளைவிட அந்த ஓட்டங்களில்தான் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். நேற்றைய மிச்சம் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் ஒளிந்திருக்க, இன்றைக்கு என்ன செய்வது என்று மறுபடி கடைக்குப் போயிருப்பீர்கள். அதனால் ஒன்பது நாளில் இரண்டு இரவுகளை மிச்சத்துக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியாக, வாய் வராத விஷயம். பணம் கேட்கவே கேட்காதீர்கள். பணம் கேட்டால் உறவில் அது தொகையாக நிற்கும், வருடக்கணக்கில் நினைவிருக்கும். வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு இரவுச் சாப்பாடு, இன்னொரு குடும்பத்துக்கு எல்லாக் காலை உணவும் பானங்களும். பொருளும் அவர்களே வாங்கட்டும், சமைப்பதும் அவர்களே. வருகிறவர்களுக்கும் அது நிம்மதிதான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விருந்தாளிக்கு உள்ளூரக் கூச்சம் இருக்கும். மாமியாரை விட்டுவிடுங்கள், அவர் தானாகவே ஏதாவது எடுத்துக்கொண்டு வருவார்.

யாரிடம் தொடங்குவது என்று தயங்கினால் உங்கள் ஓரகத்தியிடம் தொடங்குங்கள். இந்த வாரமே, செய்தியாக அனுப்பாமல், ஃபோனில். "அக்கா, இந்தத் தடவை சமையலறையை நாம மூணு பேரும் பங்கு போட்டுக்கலாம்னு பார்க்கிறேன். ரெண்டு ராத்திரி சாப்பாடு உங்க பொறுப்பு. என்ன செய்யப்போறீங்கன்னு நீங்களே முடிவு பண்ணுங்க, எந்தெந்த நாள்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க. ஃப்ரிட்ஜுல உங்களுக்கு ஒரு தட்டு ஒதுக்கி வெச்சிடறேன்."