இரைப்பைப் புற்றுநோய்: எல்லையோர வாசகர்களின் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து அண்மையில் வந்த கடிதங்களில் இரைப்பைப் புற்றுநோயைப் பற்றியவை வழக்கத்தைவிட அதிகம். ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரு நோய்க்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் தந்தைக்கு வயது 61. தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்டுகளாக வயிறு உப்புசம், நெஞ்செரிச்சல் என்று மெடிக்கல் கடையில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். சென்ற மாதம் எண்டோஸ்கோபியில் இரைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. திசு அறிக்கையில், கட்டியைச் சுற்றிலும் 'இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா' இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். வயிற்றுக் கிருமிச் சோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. இந்த நோய் திடீரென்று வந்ததா?
வாசகர், வண்டிப்பெரியாறு

திடீரென்று வந்திருக்க வாய்ப்பில்லை. நீங்கள் குறிப்பிட்ட அந்த ஒரு வரியே அதற்குச் சாட்சி. இரைப்பையின் உட்சவ்வு நெடுங்காலம் புண்பட்டும் ஆறியும் வரும்போது, ஒரு கட்டத்தில் தன் இயல்பை இழந்து குடலின் உட்சவ்வைப் போன்ற திசுவாக மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தின் பெயர்தான் அறிக்கையில் உள்ளது. அது ஏற்படப் பொதுவாகப் பல ஆண்டுகள், பலருக்குப் பத்தாண்டுகளுக்கு மேலும் ஆகும்.

இந்தப் பாதையை முதலில் தெளிவாக வரைந்து காட்டியவர் பெலாயோ கொரேயா என்ற கொலம்பிய நாட்டு நோயியல் அறிஞர். 1975-இல் அவரும் அவருடைய குழுவினரும் முன்வைத்த கருத்துப்படி, முதலில் சவ்வில் நாள்பட்ட அழற்சி தோன்றுகிறது. பிறகு அமிலம் சுரக்கும் சுரப்பிகள் தேய்ந்து சவ்வு மெலிகிறது. அதன்பின் குடல்வகைத் திசுமாற்றமும், அடுத்துச் செல்களின் வடிவக் கேடும், கடைசியில் புற்றுநோயும் வருகின்றன. அழற்சியைத் தொடங்கி வைப்பது எது என்பது அப்போது புலப்படவில்லை. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் சுருள் வடிவக் கிருமியை வளர்த்துக் காட்டிய பிறகே அந்த இடைவெளி நிரம்பியது. இன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்று அழைக்கப்படும் அந்தக் கிருமியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகுப்பில் சேர்த்தது. கண்டறிந்த இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் தந்தைக்குக் கிருமி இல்லை என்று வந்ததைக் கொண்டு, கிருமிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். சவ்வு குடல்வகையாக மாறி, அமிலமும் குறைந்துவிட்ட இரைப்பையில் அந்தக் கிருமியால் நன்றாக வாழ முடிவதில்லை. ஆகவே வேலையைத் தொடங்கி வைத்துவிட்டு, முடிவைக் காணுமுன் அதுவே மறைந்துபோவது உண்டு. அவர் அந்நாளில் அமிலம் குறைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்திருந்தால், அதனாலும் சோதனை தவறாக 'இல்லை' என்று காட்டியிருக்கலாம்.

இதைப் படித்து, அறிக்கையில் இதே சொல்லைக் கண்டிருக்கும் மற்ற வாசகர்கள் அஞ்ச வேண்டாம். நெதர்லாந்தில் 92,000-க்கு மேற்பட்டவர்களின் திசு அறிக்கைகளைத் தொடர்ந்து கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், குடல்வகை மாற்றம் உள்ள 1,000 பேரில் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று பேருக்கே புற்றுநோய் வந்தது. கடுமையான வடிவக் கேடு இருந்தவர்களிலோ அது ஆண்டுக்கு 100-க்கு 6 பேர். பாதையில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஆபத்தும் கூடுகிறது. அதை எண்டோஸ்கோபியும் திசுச் சோதனையும் மட்டுமே சொல்ல முடியும்.

அந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி உங்கள் தந்தையைக் குறை சொல்லாதீர்கள். விடிந்தால் கொழுந்துக் காட்டுக்குப் போக வேண்டிய ஒருவருக்குப் பத்து ரூபாய் மாத்திரையில் எரிச்சல் அடங்கினால் வேலை நாளை விட்டுவிட்டு எதற்காக மலையிறங்க வேண்டும்? அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் புற்றுப்புண்ணின் மேற்பரப்பையும் சில வேளைகளில் ஆற்றிவிடும். வலி நிற்கும், உள்ளே நோய் வளரும். ஐம்பதை ஒட்டிய வயதில் புதிதாகத் தோன்றும் அசீரணமும், சிறிது சாப்பிட்டவுடனே வயிறு நிறைந்துபோவதும், உடல் எடை குறைவதும், காரணம் தெரியாத இரத்தசோகையும், மலம் தார் போலக் கறுப்பாகப் போவதும், விழுங்கச் சிரமமாக இருப்பதும் எண்டோஸ்கோபி செய்தே ஆக வேண்டிய அறிகுறிகள் என்பதை உங்கள் லயத்தில் உள்ள மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

என் அம்மா 57 வயதில் இந்த நோயால் காலமானார். எனக்கு 43 வயது, அண்ணனுக்கு 47. எங்களுக்கும் பரம்பரையாக வருமா? மாத்திரையால் தடுக்க முடியும் என்கிறார்களே, உண்மையா?
வாசகி, செங்கோட்டை

உங்கள் அம்மாவின் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள், அம்மா. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு கூடுதல். ஆனால் அதில் பெரும்பகுதி ஒரே வீட்டில், ஒரே பாத்திரத்தில் உண்டு வளர்ந்ததால் சிறுவயதிலேயே பரவிய கிருமியாலும் ஒரே உணவுப் பழக்கத்தாலும் வருவது. மரபணுப் பிழை ஒன்றே நேராகக் கடத்தும் குடும்பங்கள் மிகச் சில. 1998-இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில், செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் ஈ-காதெரின் புரதத்தின் மரபணுவில் அத்தகைய பிழையைக் கண்டுபிடித்தார்கள். குடும்பத்தில் பலருக்கு, அதுவும் இளவயதில், கட்டியாகத் திரளாமல் சுவர் முழுதும் பரவும் வகை வந்திருந்தால் மட்டுமே அந்தச் சோதனை தேவைப்படும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நல்ல விடை இருக்கிறது. இரைப்பைப் புற்றுநோயாளிகளின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் ஆகியோரில் கிருமி உள்ளவர்களைத் தென் கொரியாவில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கிருமியை ஒழிக்கும் மருந்தும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கவனித்தார்கள். 2020-இல் வெளியான முடிவின்படி, மருந்து எடுத்தவர்களில் 1.2 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 2.7 சதவீதத்தினருக்கும் புற்றுநோய் வந்தது. ஆகவே நீங்களும் அண்ணனும் சுவாசச் சோதனையோ மலச் சோதனையோ செய்துகொண்டு, கிருமி இருந்தால் மருந்து எடுப்பது முற்றிலும் பொருத்தமானது. சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே கேஸ் மாத்திரையையும், நான்கு வாரம் முன்பே ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும். நம் நாட்டில் சில ஆன்டிபயாடிக்குகளுக்குக் கிருமி பழகிவிட்டதால், இப்போது பெரும்பாலும் பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துகளை 14 நாள் கொடுக்கிறோம். பாதியில் நிறுத்தாதீர்கள். முடிந்து ஒரு மாதம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதிப்பதும் அவசியம். உங்கள் வயதில், குடும்ப வரலாற்றோடு, ஒருமுறை எண்டோஸ்கோபியும் செய்துகொள்ளச் சொல்வேன்.

நம் மக்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி இருப்பதாகப் படித்தேன். அப்படியானால் எல்லோருக்கும் ஏன் வருவதில்லை? கருவாடும் மிளகாயும்தான் காரணம் என்கிறார் என் மாமனார்.
வாசகர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

நீங்கள் கேட்டதை ஆராய்ச்சியாளர்களும் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள். ஜப்பானில் 1,526 பேரைச் சுமார் எட்டு ஆண்டுகள் கவனித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. விதை இல்லாமல் பயிர் இல்லை. ஆனால் விதைத்த எல்லாம் முளைத்துவிடுவதில்லை.

கொலம்பியாவின் நரீஞோ மாநிலம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அங்கே மலையிலும் கடற்கரையிலும் கிருமி ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது. ஆனால் மலையூர்களில் இரைப்பைப் புற்றுநோய் கடற்கரையைவிடச் சுமார் 25 மடங்கு. மனிதரின் மரபணுவையும் அவர் வயிற்றில் வாழும் கிருமியின் மரபணுவையும் ஒப்பிட்டு 2014-இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டும் நெடுங்காலம் ஒன்றாகவே வாழ்ந்து பழகியிருந்தால் சேதம் குறைவு என்றும், ஒரு கண்டத்து மக்களிடம் வேறொரு கண்டத்துக் கிருமி குடியேறியிருந்தால் சேதம் அதிகம் என்றும் காட்டியது. கிருமியின் குணமும் முக்கியம்: காக்-ஏ என்ற புரதத்தை ஊசி போலச் செல்லுக்குள் செலுத்தும் இனங்களே கூடுதல் கேடு செய்கின்றன.

இந்தியாவிலும் ஒரே அளவு கிடையாது. மிசோரத்தின் ஐஸால் பகுதியில் மிக அதிகம். வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் அதிகம். உங்கள் மாமனார் சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். உப்பில் பதப்படுத்திய உணவுகளை அதிகம் உண்பது ஆபத்தைக் கூட்டுகிறது என்பதற்குப் பல நாட்டுச் சான்றுகள் உண்டு. திருவனந்தபுரத்தில் நோயாளிகளையும் நோயற்றவர்களையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வு மிளகாயையும் மிகச் சூடாக உண்பதையும் சுட்டிக்காட்டியது. ஆனால் நோய் வந்தபின் பழைய சாப்பாட்டை நினைவுகூரச் சொல்லும் ஆய்வுகளில் பிழை நேர்வது எளிது என்பதால், அதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் கருவாட்டுக் குழம்பைக் கைவிட வேண்டியதில்லை. பீடி, சிகரெட்டை இன்றே கைவிட வேண்டும்.

என் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. அறுவை சிகிச்சை செய்யலாம் என்று சொன்ன டாக்டர்களே, முதலில் இரண்டு மாதம் கீமோ என்கிறார்கள். கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு நாளைக் கடத்துகிறார்கள் என்று உறவினர்கள் கோபப்படுகிறார்கள்.
வாசகர், கம்பம்

உறவினர்களின் கோபம் பாசத்தால் வருவது. ஆனால் மருத்துவர்கள் செய்வதே சரி. 1881-இல் வியன்னாவில் தியோடர் பில்ரோத் இரைப்பைப் புற்றை முதன்முதலாக வெற்றிகரமாக வெட்டி நீக்கினார். அந்த நோயாளி சில மாதங்களிலேயே நோய் திரும்பி இறந்தார். கத்தி எட்டாத இடத்தில், கண்ணுக்குத் தெரியாத செல்கள் ஏற்கனவே சிதறியிருப்பதுதான் அன்றும் இன்றும் உள்ள சிக்கல். அறுவைக்குப் பிறகு உடல் தளர்ந்துவிடுவதால் பலரால் முழுக் கீமோவையும் தாங்க முடிவதில்லை. எனவே உடம்பில் தெம்பு இருக்கும்போதே ஒரு பகுதியைக் கொடுத்துச் சிதறிய செல்களைத் தாக்கி, கட்டியையும் சுருக்கிவிட்டு, பிறகு வெட்டுகிறார்கள்.

பிரிட்டனில் நடந்து 2006-இல் வெளியான பெரிய ஆய்வில், அறுவை மட்டும் செய்தவர்களில் 23 சதவீதத்தினரும், முன்னும் பின்னும் கீமோ பெற்றவர்களில் 36 சதவீதத்தினரும் ஐந்து ஆண்டுகள் கடந்து வாழ்ந்தனர். 2019-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு, ஃப்ளாட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் புதிய மருந்துக் கூட்டு அதைவிடவும் மேலானது என்று நிறுவியது. சராசரி ஆயுள்காலம் 35 மாதத்திலிருந்து 50 மாதமாக உயர்ந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாக நான்கு தவணை முன்பும், நான்கு தவணை பின்பும் கொடுப்பது அதன் முறை. உங்கள் அம்மாவுக்குச் சொன்ன இரண்டு மாதக் கணக்கும் அதனோடு ஒத்துப்போகிறது.

அந்த இரண்டு மாதத்தில் நீங்கள் செய்யக்கூடியது, அம்மாவின் எடை குறையாமல் பார்த்துக்கொள்வது. முட்டை, பருப்பு, பால், மீன் என்று புரதம் உள்ளவற்றைச் சிறிது சிறிதாக ஆறு வேளை கொடுங்கள். காய்ச்சல் 100 டிகிரியைத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

என் கணவருக்கு நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது. புதிய மருந்துகள் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். நிலத்தை விற்றாவது வாங்கலாமா?
வாசகி, குமுளி

நிலத்தைப் பற்றி யோசிக்குமுன், அம்மா, கட்டியின் திசுவில் நான்கு சோதனைகள் செய்யப்பட்டனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள்: ஹெர்-2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதம்), எம்.எஸ்.ஐ (டி.என்.ஏ பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதானதன் அடையாளம்), பி.டி.எல்-1 (நோயெதிர்ப்புச் செல்களைத் தடுத்து நிறுத்தும் புரதம்), கிளாடின் 18.2. ஒரே பெயரில் அழைத்தாலும் இந்த நோய் ஒன்றல்ல என்பது 2014-இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் 295 கட்டிகளை ஆராய்ந்து அவற்றை நான்கு வகையாகப் பிரித்தபோது உறுதியானது. ஒரு வகைக்கு உயிர் கொடுக்கும் மருந்து மற்றொரு வகைக்கு வெறும் செலவு.

ஹெர்-2 புரதம் மிகுந்த கட்டிகள் சுமார் ஐந்தில் ஒன்று. அவற்றுக்குக் கீமோவோடு, அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தையும் சேர்த்தபோது சராசரி ஆயுள்காலம் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமாக உயர்ந்ததை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதற்கு நிகரான உயிரொப்பு மருந்துகள் இந்தியாவிலேயே தயாராவதால் விலை முன்பைவிடக் குறைந்துள்ளது. எம்.எஸ்.ஐ வகை சிறுபான்மைதான். ஆனால் அவர்களில் பலருக்கு, உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் மருந்து ஆண்டுக்கணக்கில் பலன் தருவதைக் காண்கிறோம். கிளாடின் என்பது இரைப்பைச் செல்களின் இணைப்பில் மறைந்திருந்து, புற்றானதும் வெளியே தலைகாட்டும் புரதம். அதைக் குறிவைக்கும் ஸோல்பெடுக்ஸிமாப் 2024-இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அதன் முதன்மை ஆய்வில் கிடைத்த கூடுதல் ஆயுள் சராசரியாக மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவு.

இந்த எண்களை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம், நீங்கள் கண்ணைத் திறந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும் என்பதே. சோதனை முடிவு வராமல் எந்த விலையுயர்ந்த மருந்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எல்லைக்கு இரு புறமும் உறவும் வீடும் உள்ளவர்களுக்கு ஒரு சொல்: அரசுக் காப்பீடு என்பது ரேஷன் அட்டை எந்த மாநிலத்தில் உள்ளதோ அதைப் பொறுத்தே அமையும். சிகிச்சை தொடங்கியபின் மாநிலம் மாறினால் தவணைகள் தள்ளிப்போகும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமா, மதுரை அரசு மருத்துவமனையா, அடையாறு புற்றுநோய் நிலையமா என்பதை உங்கள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முதலிலேயே தீர்மானியுங்கள்.

மாமாவுக்கு இரைப்பையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். இனி எப்படிச் சாப்பிடுவார்?
வாசகர், களியக்காவிளை

உணவுக்குழாயைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்திருப்பார்கள். ஆகவே சாப்பிடலாம், ஆனால் சேமித்து வைக்கும் பை இல்லை. கொஞ்சமாக, அடிக்கடி, நன்றாக மென்று உண்ண வேண்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். பாயசம், கருப்பட்டிக் காப்பி போன்ற இனிப்புகள் சிறுகுடலில் ஒரேயடியாக இறங்கினால் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் வரும். மரச்சீனிக் கிழங்கானாலும் மசித்து, மீனோடு சிறிதளவு தரலாம். வைட்டமின் பி-12-ஐ உடல் ஏற்க உதவும் பொருளை இரைப்பையே சுரந்து வந்ததால், அந்த ஊசியை அவர் வாழ்நாள் முழுவதும் போட்டுக்கொள்ள வேண்டும். உடலில் உள்ள சேமிப்பு தீரச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், இப்போது நன்றாக இருக்கிறாரே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்த ஊசியின் தேதியை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.